ஓட்டுநர் பெயர்

மூன்று மாதம் அரிசி மூட்டைகளைத்தான் ஏற்றினோம்.
தேக்காவில் மொத்த விலைக்கு வாங்கிய பொன்னி,
இருபத்தைந்து கிலோ மூட்டை மூன்று:
தலைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று.
துவாஸ் கரையில் கிளம்பிக்
கடலைச் சுற்றித் திரும்பி வந்தன.
ஒரு மூட்டை வழியில் கிழிந்ததே தவிர
யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு குரல் பதிவு.
நான்கு மொழி, மொழிக்குப் பதினொரு வாக்கியம்.
தமிழுக்கு என்னை உட்காரவைத்தார் ஃபாரிட்.
இரைகிறதென்று ஏர்கானை அணைத்துவிட
வியர்க்க வியர்க்க வாசித்தேன்:
"அச்சம் வேண்டாம். தாங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்."
இப்படி நான் பேசியது
தொடக்கப்பள்ளிப் பேச்சுப்போட்டியில் ஒரு தடவை.
அதிலும் பரிசு இல்லை.

புதன்கிழமை விடிவதற்கு முன், ஐந்து இருபது.
செமக்காவுக்குத் தெற்கே மணல் அள்ளும் மிதவை.
சங்கிலி அறுந்து தொடையில்.
படகு வர ஐம்பது நிமிடம்,
சுமத்ராக் காற்று வர முப்பது.
படிவம் எடையைத்தான் முதலில் கேட்டது.
அறுபத்தொன்று என்றார்கள்.
அடுத்த பக்கத்தில் பெயர்: வைரக்கண்ணு.

ஆளில்லா விமானம் என்கிறோம் அதை.
கதவு மூடியபோது உள்ளே ஓர் ஆள்.

என் வேலை ஓட்டுவது அல்ல.
பாதையை அதுவே போட்டுக்கொள்ளும்,
கொடிமரங்களை அதுவே விலக்கும்.
நான் திரையைப் பார்க்க வேண்டும்.
சிவப்புப் பொத்தான், திரும்பச் சொல்ல.
மஞ்சள் பொத்தான், பேச.
'அவசியமானால் மட்டும்' என்று
ஹுய் மின் அதன்மேல் எழுதி ஒட்டியிருந்தாள்.

இரண்டாவது நிமிடத்தில் மூச்சு கேட்டது.
அப்புறம், மெல்ல,
"யாரும்மா ஓட்டுறது?"

"கை கால்களை அசைக்க வேண்டாம்"
என்றது என் குரல்.

"சரிம்மா. அசைக்கல.
முன்னாடி சீட்டே இல்லயே,
யாரு ஓட்டுறா?"

"அச்சம் வேண்டாம்" என்றது என் குரல்.
"தாங்கள் பாதுகாப்பாக..."
அவளைப் பாதியில் நிறுத்தி
மஞ்சளை அழுத்தினேன்.
அழுத்திய பிறகுதான் தெரிந்தது,
பன்னிரண்டாவது வாக்கியம் என்னிடம் இல்லை.

"நான்தாண்ணே."

கொஞ்ச நேரம் விசிறிகளின் இரைச்சல் மட்டும்.
"பொம்பளப் புள்ளையா" என்றார்.
"பாத்து ஓட்டும்மா. காத்து அடிக்குது."

"பாத்துத்தான் ஓட்டுறேன்."

நாலாவது நிமிடம் பேச்சு குழறியது.
ஊர் பேராவூரணிப் பக்கமாம்.
பைக்கில் பின்னால் உட்கார்ந்தால்
தூக்கம் வந்துவிடுமாம் அவருக்கு.
"தூங்காதீங்க, வளைவு வருது" என்றேன்.
நடுக்கடலில் என்ன வளைவு?
ஆனாலும் நிஜமாகவே இடப்பக்கம் சாய்ந்தது,
நங்கூரத்தில் நின்ற கப்பலின் பளுதூக்கியை ஒதுக்கி,
தானாக.
"ம்" என்றார், பழகிய சாலைபோல.

ஏழு நிமிடம் பன்னிரண்டு விநாடி.
மருத்துவமனைக் கூரையில் நான்கு பேர்
குனிந்துகொண்டு ஓடிவந்தார்கள்.
கதவு திறந்ததும் ஒலி அறுந்தது.
என் கைகள் இரண்டும் மேசைமேல்
எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன.
ஹுய் மின்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

பயண அறிக்கை தானே நிரம்பியிருந்தது.
உயரம், வேகம், மிச்ச மின்சாரம்.
ஓட்டுநர் பெயர் என்ற கட்டத்தில் மட்டும்
சாம்பல் நிறத்தில் 'பொருந்தாது'.
தட்டிப் பார்த்தேன். எழுத்து ஏறவில்லை.

மழை விட்ட பிறகு வெறுமையாக வந்து இறங்கியது.
இருவரும் குழாய் பிடித்துக் கழுவினோம்.
இரத்தம் சீக்கிரம் போய்விட்டது.
தலைமாட்டு மடிப்பில் ஏதோ வெள்ளையாக;
நகத்தால் நெம்பி எடுத்தாள்.
ஊறி உப்பிய ஓர் அரிசி.

அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.
பத்தரை மணி.
மருத்துவமனை இன்னும் கூப்பிடவில்லை.