பி பக்கத்தின் கடைசியில்

தனிஸ்லாஸின் லைசென்ஸில்
'ஏசி பழுதுபார்ப்பு' என்றுதான் இருந்தது.
ஷார்ஜா ரோலாவில் மூன்றாம் மாடி.
கம்பளி அறைந்த துணி அலமாரிக்குள்
பாடகர், மைக், வியர்வை.
ஏசியை அணைத்தால்தான் பதிவு.

வியாழன் இரவு கல்யாணங்களில் கீபோர்டு,
வெள்ளி காலை பூசையில் பேஸ் கிட்டார்.
ஒருமுறை கருவாட்டுக் கம்பெனிக்கு
இருபது நொடி விளம்பரம்;
கூலி இரண்டு பெட்டி நெத்திலி.

'உப்புக்காற்று' என்று கம்பெனிக்குப் பெயர்.
முதல் வெளியீடு, ஐந்நூறு கேசட்,
சஜா கேம்பில் ஒரே வாரத்தில் தீர்ந்தது.
ஷவர்மா வாங்கிக் கொண்டாடினோம்.

பிறகுதான் தெரிந்தது,
வெற்று கேசட்டைவிட
எங்களுடையது அரை திர்ஹம் மலிவு.
முதுகின் ஓட்டையில் காகிதம் திணித்து
பாட்டின் மேலேயே
ஊருக்குப் பேசி அனுப்பியிருக்கிறார்கள்:
சீட்டுப் பணம் வந்ததா,
சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா.

இப்போது ஸ்ட்ரீமிங்கில்
மாதம் மூன்று திர்ஹம் வருகிறது.

போன வாரம் யாரோ ஒரு பெண்,
பரமக்குடியிலிருந்து குரல்செய்தி:
"அப்பா பேசி முடிச்சதும்
ஒரு கிட்டார் வருமே,
நாலு நிமிஷம்,
அது என்ன பாட்டு?"

பதில் சொல்ல ஏசியை அணைத்தான்.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
அப்புறம் என் பக்கம் திரும்பி,
"அதுக்கு என்னடா பேர் வெச்சோம்?"