கழுத்துப்பட்டை

"இதோ ஒரு நாய்" என்றார் டாக்டர்.
எக்ஸ்ரே படத்தில் பேனா நுனியை வைத்து
மூக்கு, காது, முன்னங்கால் என்று காட்டினார்.
சாய்த்து எடுத்தால் எல்லார் முதுகிலும் இப்படி
ஒன்றன்மேல் ஒன்றாக நாய்க்குட்டிகள் நிற்குமாம்.
"கடைசிக் குட்டியின் கழுத்தைப் பாருங்கள்."
ஒரு கறுப்புக் கோடு.
"பட்டை போட்டிருக்கிறதல்லவா? அதுதான் முறிவு."

சம்யுக்தா சிரித்துவிட்டாள்.
வீட்டில் நாய் வேண்டாமென்று
ஆறு வருடமாகச் சொல்லிவருகிறேன்.

நான் சிரிக்கவில்லை.
எனக்கு விரிசல்தான் தொழில்.

கடைசி ரயில் போய், மின்சாரம் அணைந்த பிறகு
ஈயூ டீக்கும் கிராஞ்சிக்கும் நடுவே
தண்டவாளத்தின்மேல் ஒரு தள்ளுவண்டியோடு நடப்பேன்.
அது இரும்புக்குள் ஒலியை அனுப்பும்.
அடிவரை போய்த் திரும்பினால் சரி.
பாதியில் திரும்பினால் உள்ளே ஏதோ இருக்கிறது.
பார்த்தால் தெரியாது, தடவினாலும் தெரியாது.
மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போட்டு
எண் எழுதி, மேலாளரை எழுப்புவேன்.
பதினாறு வருடத்தில் ஒன்றைக்கூட
நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டதில்லை.

மார்ச் மாதம் சொன்னாள்:
பின்னால வளையும்போது மட்டும் வலிக்குதுப்பா.
கோடாலித் தைலம் தேய்த்துவிட்டேன்.
ஏப்ரலில் சொன்னாள்.
புத்தகப் பை கனம் என்றேன்.
மே மாதம் போட்டி. அவள் சொல்லவில்லை.
பத்து சென்டிமீட்டர் அகலத்தில்
பின்னால் வளைந்து, கையூன்றி, எழுந்து
கைதட்டல் வாங்கினாள்.
திரும்பும்போது ரயிலில் இடம் காலி.
கம்பியைப் பிடித்து நின்றே வந்தாள்.
நானும் நின்றேன்,
பெருமையில்.

இடுப்பில் ஐந்தாவது எலும்பு. இரண்டு பக்கமும் கோடு.
மூன்று மில்லிமீட்டர் முன்னே நகர்ந்திருக்கிறது.
மூன்று மில்லிமீட்டர் என்றால் என்னவென்று
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்காவது விழுந்தாளா என்று கேட்டேன்.
விழவே இல்லை.
ஒரே வளைவு, ஒரே இடம், வாரம் இருபது மணி நேரம்.
தண்டவாளமும் அப்படித்தான்.
எந்த ரயிலைக் குறை சொல்வது?

நாங்கள் அறுத்தெடுத்துப் புதுத்துண்டு வைப்போம்.
இரும்புக்கு ஆறத் தெரியாது.
"எலும்புக்குத் தெரியும், ஓரளவு" என்றார்.
இடப்பக்கம் ஒட்டலாம்.
வலப்பக்கம் ஒட்டாமலும் போகலாம்.
ஒட்டாமலே ஓடியாடித் திரிகிறவர்கள் உண்டு.
வளர்ந்து முடியும்வரை அவ்வப்போது படம் எடுத்து
மேலும் நகர்கிறதா என்று பார்ப்போம்.
பார்ப்போம்.
அந்தச் சொல்லை நானும் எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன்.

இப்போது பிளாஸ்டிக் கவசம்.
பள்ளிச் சீருடைக்குள்
தபால்பெட்டியை விழுங்கியவள்போல் நடக்கிறாள்.
இந்த வெயிலுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.
குளிக்க மட்டும் கழற்றலாம்.
பயிற்சிக்கூடத் தோழிகளின் காணொளிகளை
ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறாள்.

நான் வீடு திரும்பும்போது ஐந்தரை.
முதல் ரயில் எங்கள் புளோக்கை ஒட்டிப் போகிறது,
நான் நடந்த தண்டவாளத்தில்.
அவள் விழித்திருக்கிறாள்.
வெல்க்ரோ பிரியும் சத்தம்,
ஏதோ கிழிவதுபோல.

"இன்னும் எத்தன நாளுப்பா?"
"அம்பத்தி மூணு."
"நாய்க்குப் பேர் வச்சிட்டேன்."
என்ன பேர் என்றேன்.
"இப்பச் சொல்லமாட்டேன்.
பட்டையக் கழட்டட்டும். கூப்பிட்டா வருதான்னு பாப்போம்."

பவுடர் டப்பாவை நீட்டினாள்.
என் விரலிடுக்கில் மஞ்சள் சாக்பீஸ்.
கழுவப் போனேன்.