ஒரு மடக்கை அதிகம்

குரோனிங்கனில் சரிவு கிடையாது.
கால்வாய்ப் பாலத்தின் முதுகில் மட்டும்
சைக்கிள் கொஞ்சம் மூச்சு வாங்கும்.
அப்புறம் அடிவானம் வரை
இஸ்திரி போட்ட நிலம்.
இங்கே உட்கார்ந்துதான்
நாலு வருஷமாய் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

என் மலைக்குப் பதினொரு லட்சம் திசைகள்.
அதை முழுசாய்ப் பார்த்தவர் எவருமில்லை.
கால் வைத்த இடம் எந்தப் பக்கம் சாய்கிறது
என்பது மட்டும் தெரியும்,
அதுவும் இரைச்சலோடு.
ஓர் அடி. தடவிப் பார்.
இன்னோர் அடி.
அடி நீண்டால் பள்ளத்தைத் தாண்டி
எதிர்ச்சுவரில் மோதும்.
குறுகினால் உதவித்தொகை முடிந்துவிடும்.
உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் இழப்பு.
"இன்று எவ்வளவு இழப்பு, சீட்ஸ்கெ?"
காபி இயந்திரத்தருகே யோரிட் கேட்பான்.
புள்ளிக்குப் பின் நாலு இலக்கம்வரை சொல்வேன்.

அக்டோபரில்,
ஆலையில் சர்க்கரை பீட் வேகத் தொடங்கி
ஊரே ஈரமண்ணும் பாகுமாய் நாறிய வாரம்,
வரைகோடு நாற்பதாயிரம் அடிவரை
சமர்த்தாய் இறங்கிற்று.
பிறகு தலை தூக்கியது.

நிரலைத்தான் சந்தேகித்தேன்.
மூன்று நாள்,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, வரி வரியாய்.
பாவம் நிரல்,
சொன்னதைத்தான் செய்திருந்தது.

நாலாம் நாள் அறுபத்தோராம் பக்கம்.
அங்கே ஒரு C.
அறுபத்துநாலிலும் ஒரு C.
ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர்;
ஒருவர் கடிதத்தை மற்றவர் வீட்டில்
போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.
முதலாமவர் இருந்த இடத்தில் இருப்பவர்.
இரண்டாமவர் அடிகள் கூடக் கூட
சத்தமில்லாமல் வளர்கிறவர்.
மாறிலி என்று கூப்பிட்டுவிட்டால்
மாறாமல் இருந்துவிடுமா?

நடுவர்கள் இருவர் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள்.
பேராசிரியர் ஹில்கெமா தாண்டிப் போயிருந்தார்.
நான் இருபது தடவையாவது.
அன்றிரவு யாரிடமும் சொல்லவில்லை.
சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும் தோன்றியது,
வீட்டுக்குப் போகும் வழியில்,
இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே.
எதிர்க்காற்று.
மேடில்லாத ஊரில் காற்றுதான் மேடு.

காலையில் காட்டினேன்.
ஹில்கெமா கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
"ஆமாம்" என்றார்.
ரொம்ப நேரம் கழித்து,
"எவ்வளவு மிஞ்சும்?"

தெரிய ஐந்து வாரம் ஆனது.
தேற்றம் சாகவில்லை.
போகப் போக அடியைச் சுருக்கினால் குவிகிறது,
முன்பு சொன்னதைவிட ஒரு மடக்கை மெதுவாக.
மடக்கை சின்ன விஷயம்.
கோடி அடி நடந்தாலும்
அதன் பாரம் பதினாறுதான்.
ஆனால் தலைப்பிலிருந்து
'வேகமான' என்ற சொல்லை எடுக்க வேண்டியதாயிற்று.
அந்த ஒரு சொல்லை அழிக்க
ஒரு மத்தியானம் பிடித்தது.
யோரிட் கேட்கவில்லை,
கேக் வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மே மாதம், பழைய மண்டபம்.
கறுப்பு அங்கிகளில் ஏழு பேர்.
சேணப் புள்ளிகளைப் பற்றிக் கேட்டார்கள்,
உந்தத்தைப் பற்றி,
இதெல்லாம் யாருக்குப் பயன் என்று ஒருவர்.
கடைசியாக லூவனிலிருந்து வந்த அம்மாள்
பக்கம் புரட்டினார்.
"அறுபத்தொன்று. இங்கே C-க்கு
ஏன் இத்தனை கீழ்க்குறிகள்?
படிக்கவே கண் வலிக்கிறதே."

வாயைத் திறந்தேன்.
கதவும் திறந்தது.
கோலை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்த மண்டபக்காரர்
தரையில் ஒரு தட்டுத் தட்டி,
நேரமாயிற்று என்றார்.