இடது காது

ரியர் அட்மிரல் எவரிஸ்தோ லரன்யாகாவுக்கு
இடது காது கேட்காது.
இருபத்து மூன்று வயதில், தல்காவானோ துறைமுகத்துக்கு வெளியே
பீரங்கிப் பயிற்சி; பஞ்சு வைக்க மறந்துவிட்டார்.
இது தெரிந்தவர்கள் இந்த ஊரில் மூன்றே பேர்:
மருத்துவர், மனைவி, நான்.

அவருடைய விருந்து மேசையில்
பெயர் அட்டை வைப்பவள் நான்.
பிறந்தது புவெனஸ் ஐரஸ்,
சம்பளம் சிலே தூதரகத்தில்.
"இர்மா, இன்று யார் இடப்பக்கம்?" என்பார்
டையை இறுக்கியபடி.
ஆயுத வியாபாரி இடப்பக்கம்.
எல்லைக்கோட்டை நாப்கினில் வரைந்து காட்டும் செனட்டர்
கண்டிப்பாக இடப்பக்கம்.
அவர்கள் பேசப் பேசத் தலையாட்டுவார்,
மீனிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத்
தட்டின் ஓரத்தில் அடுக்குவார்.
என்ன பொறுமை, எப்படிக் கேட்கிறார் மனுஷன் என்று
மறுநாள் நன்றிக் கடிதம் வரும்.
ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற ஆட்களோடு
காலம் தள்ளியவள் நான்.
வாங்கவே வாங்காத ஒரு காதை
அரசாங்கச் செலவில் ஊர் ஊராக விருந்துக்கு அழைத்துப் போனவர்
இவர் ஒருவர்தான்.

முன்பு அவர் பேசியது
பாகை, தூரம், ஆழம், சுடு.
இப்போது
கவனத்தில் கொள்கிறோம், மேலிடத்துக்குத் தெரிவிக்கிறோம்.
ஆனாலும் காபிக் கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்பவிட மாட்டார்.
பளிங்குத் தரையிலும் கால் அகட்டித்தான் நிற்பார்.
என் நாற்காலியை முதல் நாளே
தன் இடப்பக்கம் போட்டுக்கொண்டார்,
தட்டச்சுச் சத்தம் தொந்தரவு செய்யாதாம்.

ஆகஸ்டில் ஒரு வியாழன், இருபத்து நான்கு பேர்.
ஓய்வுபெற்ற கேப்டன் ஒராசியோ பெங்கொசேயா,
எங்கள் கடற்படைக்காரர், முன்கோபி என்று கேள்வி.
அட்டையை இடப்பக்கம் வைத்திருந்தேன்.
பூசணி சூப் வந்தபோது கேட்டார்:
"எழுபத்தெட்டு டிசம்பரில் நீங்கள் எங்கே?"
அட்மிரல் தலையாட்டினார்.
"எங்கே என்று கேட்டேன்."
மறுபடி தலையாட்டல்.
பிறகு அந்த உதடுகளைப் பார்த்தார்.
எழுந்தார்.
தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு
மேசையைச் சுற்றி வந்து
கேப்டனின் இடப்பக்கம், ஒரு தூதரின் மனைவியை நகரச் சொல்லி,
உட்கார்ந்தார்.
இருபத்து நான்கு கரண்டிகளும் நின்றன.

"பீகிள் கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு குடா.
டார்பிடோ படகு. மேலே வலை, வலைமேல் மரக்கிளை.
பையன்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை
பிஸ்கட் டின்னில் வாங்கி வைத்திருந்தேன்.
நீங்கள்?"

"திறந்த கடலில். பீரங்கி அதிகாரி.
பனை உயரத்துக்கு அலை" என்று சொல்லவில்லை அவர்;
எங்கள் ஊர்க்காரர், "மூன்று மாடி" என்றார்.
"உத்தரவுத் தாள் சட்டைப்பையில் கரைந்துபோனது.
நான் என் ஹெல்மெட்டுக்குள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.
நிற்க முடியாதவன் எங்கே சுடுவது?"

சிரித்தார்கள். சத்தமாக, அசிங்கமாக,
மூக்கில் ஒயின் ஏறும் அளவுக்கு.
அப்புறம் வெகுநேரம் இருவரும் பேசவில்லை.
சூப் ஆறி ஏடு கட்டிவிட்டது.

வாசலில் பட்டியலோடு நின்றவளுக்கு
ஞாபகம் வந்தது தார்தோ.
என் தம்பி. அந்த டிசம்பரில் பத்தொன்பது வயது.
தெற்கே ஒரு கணவாயில் மண்வெட்டியோடு
குழி வெட்டிக்கொண்டிருந்தான்,
பதுங்கவா புதைக்கவா என்று
யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் சாந்தியாகோவுக்கு அறிக்கை.
செனட்டர் பற்றி மூன்று பக்கம்.
உதிரிபாக விலை பற்றி இரண்டு.
கடைசியில்:
"கேப்டன் பெங்கொசேயாவுடன் வானிலை பற்றிப் பேசினேன்."
என் விரல்கள் நின்றன.
"அவ்வளவுதானா?"
பதில் இல்லை. இடப்பக்கம் அல்லவா நான்.

இயந்திரத்தை மூடினேன்.
மேசையைச் சுற்றி நடந்து
அவருக்கு வலப்பக்கம் போய் நின்றேன்.