திரைக்கு இந்தப் பக்கம்

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
டாக்டர் ஓயார்சூனும் ரம்பமும்.
இந்தப் பக்கம்
எரிபெர்தோ கினேயோவின் தலையும்
என் முக்காலியும்.

எழுபத்தொரு வயது. படகுத் தச்சர்.
சிலோயே தீவின் மீன்படகுகளில் பாதிக்கு
விலா வளைத்தது தான்தான் என்கிறார்.
மற்றப் பாதி?
"அதெல்லாம் ஒழுகும்."

முதுகில் ஊசி போடுகையில்
நெற்றியை என் தோளில் முட்டி
இறால்போல் வளைந்து உட்கார்ந்திருந்தார்.
அசையாதீர்கள் என்றதும்
மூச்சையும் நிறுத்திவிட்டார்.
மூச்சு விடலாம் என்று
தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

பனிக்கட்டி சுற்றிய பஞ்சோடு
தொடையிலிருந்து மேலே ஏறினேன்.
சில்லென்று இருக்கிறதா? இல்லை.
இங்கே? இல்லை.
தொப்புளுக்கு மேலே இரண்டு விரற்கடையில்
"ஐயோ, ஜூலை மாதம்!" என்றார்.

சூடாக்கிய போர்வை ஒன்று. போதவில்லை, இன்னொன்று.
தோளுக்கடியில் சுருட்டிய துண்டு.
உதட்டுக்கு ஈரத்துணி.
மூக்கு நுனியில் அரிப்பு,
கைகள் பட்டையில் இருந்ததால் நான்தான் சொறிந்தேன்.
"இடது... கொஞ்சம் கீழே... ஆண்டவனே, அதுதான்."
காதில் பாட்டு வேண்டாமாம்.
வேலை நடக்கும் இடத்தில் பாட்டுக் கேட்பவன்
விரலைத் தொலைப்பான்.

ஆகவே எல்லாமே கேட்டது.
"ரம்பம் புதுசு. மரம் ஈரமா?"
உங்கள் மரம்தான்,
நன்றாக வைரம் பாய்ந்தது என்றேன்.
சிரித்தார். துணி குலுங்கியது.
அசையாமல், ஐயா, என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

முக்கால் மணி கழித்து முகம் மாறியது.
"இடது முழங்கால் மடங்கியே கிடக்கிறது.
நீட்டிவிடு, யஸ்னா."
நீண்டுதான் கிடந்தது;
துணி போர்த்துமுன் நானே நேராக்கிய கால்.
சொன்னேன்.
"பொய்."

இதோ நீட்டிவிட்டேன் என்று சொல்லிவிடலாம்.
பலர் அப்படித்தான் சொல்வார்கள்,
பலிக்கவும் செய்யும்.
எனக்கு வாய் வரவில்லை.
மருந்து ஏறியபோது நீங்கள் வளைந்திருந்தீர்கள்;
உடம்புக்குக் கால் அனுப்பிய கடைசிச் செய்தி அது,
அதற்கப்புறம் கம்பி அறுந்துவிட்டது என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார்.
"ஆவியில் வளைத்த பலகை," என்றார் மெல்ல,
"ஆறினதும் அப்படியே நின்றுவிடும்.
அதை ஏசி என்ன ஆகப் போகிறது?"
மடக்கம் போயிற்றா?
"போகவில்லை. விளங்குகிறது."

பிறகு சுத்தியல்.
டொக். டொக். மேசையே அதிர்ந்தது.
என் விரல்களை இறுக்கினார்.
எனக்கு எல்லா அடியும் ஒரே அடிதான்.
"போதும்!" என்றார் திடீரென்று. "உட்கார்ந்துவிட்டது."
சுத்தியல் நின்றது.
உறிஞ்சுகுழாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
பிறகு ஓயார்சூன்:
"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

மாலையில் ஜன்னலில் மழை.
என் கையில் அவர் நகம் பதிந்த நான்கு பிறைகள்.
இடது கட்டைவிரல் முதலில் அசைந்தது.
"ஓதம் ஏறுகிறது," என்றார்.

போர்வைக்குள் கைவிட்டு
முழங்காலைத் தடவிப் பார்த்தார்.
"நேராகத்தான் இருந்திருக்கிறாய்"
என்று அதனிடம் சொன்னார்,
கொஞ்சம் சந்தேகத்தோடு.