கால் சுற்று

வாலிநோக்கத்துக்கு மேற்கே
உப்பளம் முடிந்து உடைமரம் தொடங்கும் இடத்தில்
டிராக்டர் எங்களை இழுத்து வந்து விட்டுப் போனது.
எங்களை என்றால்
இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு தகர வீடு,
உள்ளே ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு,
காற்றை அளக்கும் கம்பெனியின் இரும்புப் பெட்டி,
மிச்ச இடத்தில் நானும் முனியராசும்.

வெளியே கம்பம்.
உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றிச் சுற்றி
பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கணக்கு அனுப்பும்.
பதினொரு மாதம் அதற்குக் காவல்.

ஆனி. கச்சான் அடிக்கத் தொடங்கியிருந்தது.
அளக்க வந்தவர்களை அது அளந்தது.
முட்டை உருண்டது. ரசத்துக்குள் அலை வந்தது.
அந்தக் கோடியில் அவன் சட்டை மாற்றினால்
இந்தக் கோடியில் என் ஊசி நூலைத் தவறவிட்டது.
கடைக்குப் போக மண்ணில் இறங்கினேன்,
மண்ணும் ஆடியது.

ஜாக்கி வாங்கி வந்தான், மூலைக்கு ஒன்றாக நான்கு.
விடிந்து பார்த்தால் நான்கும் மணலுக்குள்.
பனஞ்சட்டம் அறுத்து அடியில் கொடுத்தோம்.
சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை அடித்தோம்.
ஆட்டம் பாதியாகிவிட்டது என்றான்.
இரவு பதினோரு மணிக்குப் பாதி என்பது
ஒரு கணக்கே இல்லை.

வலை உணர்த்த வந்த செய்யது பக்கீர்
சுற்றி வந்து, தகரத்தைத் தட்டிப் பார்த்து, சிரித்தார்.
"வள்ளத்த யாராச்சும் காத்துக்கு
வெலாவக் காட்டி நிறுத்துவாகளா?
மூக்கக் குடுங்க கச்சானுக்கு."

மறுபடி டிராக்டர். அறுநூறு ரூபாய்.
மூக்கை மேற்கே திருப்பினோம்.
அவரே ஒரு துருப்பிடித்த நங்கூரம் கொண்டு வந்து
பின்பக்கம் புதைத்து, கயிற்றைக் கட்டி,
காலால் ஒரு மிதி மிதித்துவிட்டுப் போனார்.
முனியராசு தரையில் ரசமட்டம் வைத்தான்.
குமிழி தயங்கித் தயங்கி
நடுவில் வந்து உட்கார்ந்தது.

அன்று இரவு வீடு
கல் மாதிரி கிடந்தது.
செம்புத் தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை.
எனக்குத் தூக்கம் வரவில்லை.

சொல்கிற ஆள் இல்லை அவன்.
ஆனால் அடுப்புக்கு மேலே கொக்கியில் தொங்கும் டம்ளர் சொல்லும்.
ஒரு முறை சுவரில் இடித்தால், புரண்டு படுத்தான்.
இரண்டு என்றால், எழுந்து உட்கார்ந்தான்.
மூன்றாவதும் இடித்தால்
போனை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிவிட்டான்,
பரமக்குடிக்குப் பேசுகிறான்,
தங்கச்சி நகையைப் பற்றி,
எனக்குத் தெரியாத நகையைப் பற்றி.

இப்போது டம்ளர் வாயைத் திறக்கவில்லை.
நான்கு நாள் நன்றாகத் தூங்கினான் என்று நம்பினேன்.
ஐந்தாம் நாள் விடியலில்
அவன் பக்கத்துப் பாய் சில்லென்று இருந்தது.
படிக்குக் கீழே ஏழு பீடித்துண்டு.

அவன் கம்பத்தடிக்குப் போன நேரம்
கட்டில் பக்கத்து ஜாக்கியைக்
கால் சுற்று இளக்கினேன்.
அவ்வளவுதான். கைப்பிடியை
அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

சாயங்காலம் ரசமட்டத்தை எடுத்துப் பார்த்தான்.
குமிழி ஒரு நூல் தள்ளி நின்றது.
என்னைப் பார்த்தான். டின்னைப் பார்த்தான்.
மணல் இறங்கியிருக்கும் என்று
அவனே சொல்லிக்கொண்டான்.

இரவு டம்ளர் இடித்தது.
பிறகு இன்னொரு முறை.
"எவ்வளவு?" என்றேன் இருட்டில்.
"செகண்டுக்கு ஒன்பது மீட்டர்" என்றான்.

நான் ஒன்றும் பேசவில்லை.
வீடு கொஞ்சம் ஆடியது.

பிறகு சொன்னான்.