தேறுமா

எங்கள் மதிப்பெண் தாளில் எண் கடைசியில்தான் வரும்.
முதலில் நிறப் பொட்டுகள்.
சிவப்பு: அடையவில்லை.
ஆரஞ்சு: அடைந்துகொண்டிருக்கிறது.
பச்சை: அடைந்தது.
கரும்பச்சை: கேட்டதற்கு மேலும்.
பிள்ளைக்குப் பன்னிரண்டு கட்டம்.
எல்லாம் கூட்டி, இருபதுக்கு இத்தனை.

ரீயூனியனின் கிழக்குக் கரையில், சேந்த்-ஆந்த்ரேயில்,
புயலுக்கும் இப்படித்தான் நிறம்.
மஞ்சளில் மெழுகுவத்தி வாங்கு.
ஆரஞ்சில் பள்ளியைப் பூட்டு.
சிவப்பில் கதவைத் திறக்காதே.
ஊதா என்று வானொலி சொல்லும்போது
யாரும் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை, பதினொன்றே கால்.
மயேவா சினாபாயெல் தன் ரோபோவை விரிப்பில் இறக்கினாள்.
இரண்டு மீட்டர் விரிப்பு, மூன்று அட்டைப்பெட்டிகள்.
எதிலும் மோதாமல் போய்
ஒரு மரக்கட்டையை அந்தக் கோடியில் வைக்கவேண்டும்.
நாற்பத்தேழு சென்டிமீட்டர் போனது.
நின்றது.
கண்கள் மட்டும், அந்த இரண்டு வெள்ளி வட்டங்கள்,
பெட்டியையே பார்த்தபடி.
குழுவின் மற்ற இருவர், லொயிக்கும் ஜோர்தியும்,
ஜன்னலைப் பார்த்தார்கள்.
ஆரஞ்சா சிவப்பா என்று என் பேனா தயங்கியபோது
ஒலிபெருக்கியில் தலைமையாசிரியர் சொன்னார்:
ஆரஞ்சு.
பேருந்துகள் பன்னிரண்டுக்கு.

மூன்று இரவு.
தகரம் பேசியதை நான் எழுதப்போவதில்லை.

திறந்தபோது அறையில் கணுக்கால் தண்ணீர்.
விரிப்பு ஊறிப் பொதபொதத்துக் கிடந்தது.
அலமாரியில் எட்டு ரோபோக்கள்,
தலை துவட்ட ஆளில்லாத பிள்ளைகள் மாதிரி.
ஒன்பதாவது இல்லை.

நம் மொழியில் தேறுவது என்றொரு வினை உண்டு.
பரீட்சையில் தேறுவார்கள்.
காய்ச்சலில் கிடந்தவர் தேறுவார்.
கடை சாத்தும்போது, இன்றைக்கு எவ்வளவு தேறும் என்பார்கள்.
ஒவ்வொன்றாய்க் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தபடி
மூன்று பொருளிலும் கேட்டுக்கொண்டேன்.
இரண்டு தேறும்.

ஒன்பதாவதை மயேவா கொண்டுவந்தாள்,
விதியை மீறி எடுத்துப்போனதை, சோற்று டப்பாவில்.
"வீட்டுக்குப் பின்னால் ஓடை, மேடம்.
கீழ் அறையில் தண்ணீர் வந்துவிட்டது.
அப்பா கைவிளக்கோடு போய்ப் போய்ப் பார்த்தார்.
படிக்கட்டுக்கு மேலே உத்தரத்தில்
இதை முகம் கீழாகக் கட்டித் தொங்கவிட்டேன்."

கட்டம் போட்ட நோட்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு எண்.
தண்ணீருக்கும் ரோபோவுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர்.
212. 212. 209. 198. 171.
நடுவே திடீரென்று ஒரு 34.
பிழையா என்றேன்.
"இல்லை, பூனை. மேலே ஏறி வந்தது."
மூன்று மணி நாற்பதுக்கு, 88.
பக்கத்தில் பென்சிலில்: தம்பியை எழுப்பினேன்.
88. 88. 91.
அதற்குக் கீழே ஒரு கோடு: தூங்கினேன்.

பன்னிரண்டு கட்டங்களிலும் இதற்கு இடம் தேடினேன்.
உணரி தூரத்தை அளக்கிறது: பச்சை.
தரவைப் பதிந்து விளக்குகிறார்: கரும்பச்சை,
இரண்டு பொட்டு வைக்க இடமில்லை.
தடைகளைக் கடக்கிறது:
அங்கேயும் என் கை பச்சையை வைத்துவிட்டது.
யார் கேட்கப்போகிறார்கள்?

மயேவா கேட்டாள்.
"நாற்பத்தேழு சென்டிமீட்டர்தானே போனது.
இந்தப் பச்சை தப்பு."
முகத்தில் கோபம்.
குறைத்துப் போட்டால் வரும் கோபம் எனக்குப் பழக்கம்;
இது அது இல்லை.
வெள்ளை பூசி மறைத்து, ஊதிக் காயவைத்து,
சிவப்பு வைத்தேன்.
தலையாட்டினாள்.
இருபதுக்குப் பதின்மூன்று.
லொயிக்குக்கும் ஜோர்திக்கும் என்ன போடுவது,
இன்னும் தெரியவில்லை.

ஈரத் தரையிலேயே சம்மணமிட்டு
அவள் இடது சக்கரத்தைக் கழற்றினாள்.
அச்சில் ஏழெட்டுச் சுற்றாய் ஒரு முடி.
நகத்தால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.
நீளம். பாதிக்கு மேல் நரை.
வகுப்பில் எல்லோருக்கும் வயது பதினாறு,
ஒருத்தியைத் தவிர.

இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
"விரிப்பு எப்போது காயும், மேடம்?" என்றாள்.